மூணாவது பாடி

"தூ! இதெல்லாம் ஒரு கேமராவா? தகர டப்பா! ஊரை ஏமாத்தவா கடை தொறந்து வெச்சிருக்கீங்க?"

வால்டர் போட்ட கூச்சலில் எதிர் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் பழைய கேமரா வாங்கி விற்கிற கடை அது. ஜாபரும் அவன் மனைவி ஹஃப்சாவும்தான் முதலாளி, வேலையாள் எல்லாம். வால்டர் ஒரு மாலைப் பத்திரிகைக்கு ஸ்போர்ட்ஸ் படம் எடுப்பவர். ஃபிலிம் ரோல் எல்லாம் இனிமேல் கிடையாது, டிஜிட்டலுக்கு மாறு என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். கையில் நல்ல லென்ஸ் இருந்ததால், அதற்குப் பொருந்துகிற மாதிரி லென்ஸ் இல்லாத வெறும் கேமரா பாடி மட்டும் வாங்க இங்கே வந்தார். முதலில் வாங்கினதைப் படம் மங்கலாக விழுகிறது என்று மாற்றிக்கொண்டு போனார். இப்போது இரண்டாவதும் கவுன்ட்டருக்குத் திரும்பி வந்துவிட்டது.

கூடவே ஆபீஸிலிருந்து வல்லரசு. ஸ்போர்ட்ஸ் பக்கம் அவர் பொறுப்பு.

வால்டர் ஒரு படத்தை ஜாபர் முன்னால் நீட்டினார். "இத்தப் பாரு பாய்! பாக்ஸிங் ஃபைனல்ஸு. நம்ம காசிமேட்டுப் பையன் வுட்டான் பாரு ஒரு குத்து! அதுல மூஞ்சி தெரியுதா? கிளவுஸ் தெரியுதா? எல்லாம் பனி மூட்டமா கீது!"

வல்லரசு வாட்ச்சைப் பார்த்தார். "ரெண்டு வாரமா பக்கத்துல போடற மாதிரி ஒரு படம் வரல பாய். கேட்டா கேமரா, கேமரான்றாரு. அதான் இன்னிக்கி ஒரு முடிவு தெரியட்டும்னு நானே வந்துட்டேன்."

ஹஃப்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்த பாடி அது. ஓடுகிறவனை, உதைக்கிறவனை எடுக்கணும், அமுக்கினால் சடசடவென்று படம் விழணும் என்று தேடி எடுத்தது. மெரினாவில் குதிரை மேல் ஏற்றிப் படம் பிடிக்கிறவன் கடையில் விற்றுவிட்டுப் போன இன்னொரு பாடியை வால்டர் ஆசையாகத் தூக்கினபோது, "அது உப்புக் காத்து தின்ன கேமரா, வாணாம்" என்று தடுத்தவளே அவள்தான். அவளையா இந்த ஆள் ஏமாற்றுக்காரி என்கிறார்?

"குடுங்க அத்த!" வெடுக்கென்று கேமராவைப் பிடுங்கினாள். "இங்கயே, இப்பவே ஒரு படம் எடுக்கறேன். டீக்கடை போர்டுல கீற எழுத்து பளிச்சுனு வருதா இல்லியான்னு சாரே பாக்கட்டும். கோளாறு எங்க கீதுன்னு தெரிஞ்சிடும்!"

கண்ணில் வைக்கப் போனாள்.

"ஹஃப்சா! பொத்திகினு உள்ள போ!"

கத்தியது ஜாபர். கேமராவையும் அவள் கையிலிருந்து பறித்துக்கொண்டான்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை ஒரு அதட்டு அதட்டாதவன். அதுவும் நாலு பேர் முன்னால். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. உள்ளே போகவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஜாபர் வல்லரசு பக்கம் திரும்பினான். "மன்னிச்சிடுங்க சார். தப்பு எங்க மேலதான். ரெண்டு பாடியும் ஃபோகஸ் அடி வாங்குன பாடி. சரியா செக் பண்ணாம குடுத்துட்டேன்."

ஹஃப்சாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அடப்பாவி மனுசா!

அவன் அதோடு நின்றானா? கண்ணாடி ஷெல்ஃபிலிருந்து கடையிலேயே உசத்தியான பாடியை, லென்ஸோடு சேர்த்து எடுத்து நீட்டினான். "வால்டர்ணே, இத்த எடுத்துகினு போங்க. நீங்க கையால எதையும் திருப்ப வாணாம். பட்டனை லேசா தொட்டா அதுவே ஃபோகஸ் பண்ணிக்கும்."

"எனக்கு எதுக்கு பாய் அது? இத்தினி வருசமா கையாலதான் ஃபோகஸ் பண்ணிகினு கீறேன்."

"பரவால்லண்ணே, வெச்சுக்குங்க. மேல ஒண்ணும் தர வாணாம். எங்க தப்புக்கு அது."

வல்லரசு உதட்டைப் பிதுக்கினார். "ஒத்துக்கினயே, அதுவே பெருசு. ஆனா இனிமே எங்க ஆளுங்க எவனும் உங்க கடைப் படி ஏற மாட்டான் பாய். வாங்க வால்டர், போலாம். இதுலயாவது ஒழுங்கா எடுங்க."

வால்டர் தன் லென்ஸைக் கழற்றிக்கொண்டு கிளம்பினார். இரண்டு பேரும் தெரு முனை தாண்டுகிற வரைக்கும்கூட ஹஃப்சாவால் பொறுக்க முடியவில்லை. கோபம் வந்தால் அவளுக்கு 'நீங்க' போய் 'நீ' வந்துவிடும்.

"நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? பண்ணாத தப்பை ஒத்துக்கினு, லென்ஸையும் தூக்கிக் குடுத்து, என்னையும் அசிங்கப்படுத்திட்டியே! நாளைக்கி எவன் வருவான் இந்தக் கடைக்கு? தோ பாரு!"

திருப்பிக் கொடுத்த பாடியில் ஒரு லென்ஸை மாட்டி, டீக்கடையைப் பார்த்து அமுக்கினாள். திரையை அவன் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள். போர்டில் இருந்த எழுத்து, பாய்லர் ஆவி, வடை மேல் உட்கார்ந்த ஈ, எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தது.

"இதுவா அடி வாங்குன பாடி?"

"இல்ல. நல்ல பாடிதான். தெரியும்."

"தெரியுமா? தெரிஞ்சேவா..."

"ரெண்டு பாடிலயும் அதே மங்கல். அவரு லென்ஸையும் போன தபாவே பாத்துட்டேன், சுத்தமா கீது. மனுசனுக்குக் கண்ணு மங்கிகினு வருது ஹஃப்சா. அவருக்கே அது பிடிபடல. சாயங்காலம் வூட்டாண்ட போயி தனியா சொல்லி, கண்ணாஸ்பத்திரிக்கு நானே இட்டுகினு போறேன்."

"அத்த அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா? நம்ம தலைல ஏன் பழியத் தூக்கிப் போட்டுகினே?"

"அவங்க முன்னால நீ எடுத்த படம் பளிச்சுனு வந்திருந்தா, அந்த ஆபீஸ்காரரு கேமராவயா மாத்தியிருப்பாரு?"