முன் அனுபவம்

"பெரிய சிஸ்டர் லேபர் வார்டுல இருக்காங்க. இன்டர்வியூ லேட்டாகும், உட்காரும்மா" என்றார் வரவேற்பு மேசைக்காரர்.

அவள் உட்கார்ந்தாள். மடியில் ஃபைல், ஃபைலுக்குள் மூன்றரை வருட நர்ஸ் படிப்பு. இது ஐந்தாவது மருத்துவமனை. முந்தைய நாலிலும் ஒரே கேள்விதான். "முன் அனுபவம் இருக்கா?" வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்ற பதில் நாக்கு நுனிவரை வரும். மரியாதைக்காக விழுங்கிவிட்டு எழுந்து வந்துவிடுவாள்.

கைப்பேசி அதிர்ந்தது. அண்ணன்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் கூப்பிடவே இல்லண்ணா."

"மூக்குக்கண்ணாடிக் கடையில பன்னண்டு மணிக்கு ஓனர் வரச் சொல்லியிருக்கார். போனா கவுண்டர் வேலை நிச்சயம். அங்கேயே உட்கார்ந்திருந்தா அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாயிடும், பார்த்துக்கோ."

"பதினொண்ணரைக்குக் கிளம்பிடறேண்ணா."

மணி பத்தேகால். வார்டு ஆயா எட்டிப் பார்த்தாள்.

"நீதான் வேலைக்கு வந்த பொண்ணா? மூணாம் நம்பர் ரூம்ல ஒருத்தங்க வலியோட தனியா இருக்காங்க. வீட்டுக்காரர் வெளியூர்லேர்ந்து வந்துட்டிருக்கார். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு அவங்களுக்குத் துணையா இரேன்."

கை கழுவிக்கொண்டு போனாள். கட்டிலில் இருந்தவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். தலைப்பிரசவம். வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"பல்லைக் கடிக்காதீங்கக்கா. வாயால மூச்சை விடுங்க, மெதுவா" என்று இடுப்பைத் தேய்த்துவிட்டாள். வலி அடங்கியதும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

"எத்தனை பிரசவம் பார்த்திருக்க?" என்று கேட்டார் அவர்.

முப்பது என்று சொல்லிவிடலாம். அந்த முகத்தில் கொஞ்சம் தெம்பு வரும்.

"கூட நின்னு பார்த்தது பதினொண்ணுக்கா. தனியாப் பார்த்தது ஒண்ணும் இல்ல."

"நல்லா வந்து வாய்ச்ச, போ. இன்னும் இருபது சேர்த்துச் சொல்லியிருந்தா எனக்குத் தைரியமா இருந்திருக்கும்ல?"

"வலி ஏறும்போது என் லட்சணம் தெரிஞ்சு போயிடும்க்கா. அப்புறம் நான் எது சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்க."

அவர் சிரிக்கப் போனார். வலி முந்திக்கொண்டது.

ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்றிருந்தது நாலு நிமிடத்துக்கு ஒன்றானது. தாகம் என்றார். டம்ளர் பக்கத்திலேயே இருந்தும், வெளியே போய் டூட்டி நர்ஸைக் கேட்டுக்கொண்டு வந்துதான் ஒரு வாய் கொடுத்தாள். பதினொன்றரைக்குக் கைப்பேசி அதிர்ந்தது. அவள் கதவைப் பார்த்தாள்.

"போகணுமா?"

"வேற ஒரு வேலைக்குக்கா. பன்னண்டுக்குள்ள போகணும்."

"அப்ப போ. எனக்கென்ன, நான் இருந்துக்குவேன்."

வாய் அப்படிச் சொன்னது. கை அவள் மணிக்கட்டை விடவில்லை. வீட்டுக்காரர் வந்த பாடில்லை. அவள் கைப்பேசியை அணைத்து ஃபைலுக்கு அடியில் வைத்தாள்.

பத்து நிமிடத்தில் பனிக்குடம் உடைந்தது. விரிப்பில் பச்சை கலந்திருந்ததைப் பார்த்ததும் மணியை அழுத்தினாள். ஓடி வந்த டூட்டி நர்ஸிடம், "பதினொண்ணு நாப்பதுக்கு நீர் உடைஞ்சுது சிஸ்டர். பச்சையா இருக்கு. வலி மூணு நிமிஷத்துக்கு ஒண்ணு. டாக்டரைக் கூப்பிடுங்க" என்றாள்.

கட்டிலில் இருந்தவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறைக்காமச் சொல்லு."

"குழந்தை உள்ளேயே மலம் கழிச்சிருக்குக்கா. சில குழந்தைங்க செய்யறதுதான். ஆனா மூச்சுல போயிடாமப் பார்க்கணும், அதுக்குத்தான் டாக்டர். நீங்க இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க. நான் எங்கேயும் போகல."

டாக்டர் வந்து, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டபோது, "இவ என்கூட இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார் கட்டிலில் இருந்தவர்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழ நாலைந்து நொடி பிடித்தது. பிறகு அது அழுத அழுகையில் டாக்டரே சிரித்துவிட்டார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியை மறுபடி போட்டாள். அண்ணனை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"வேற ஆளைப் போட்டுட்டாங்க" என்றான். "அவங்க யாரு உனக்கு, மாமியா மச்சியா? கையில இருந்ததை விட்டுட்டு நிக்கறியே."

"சரிண்ணா."

அவளுக்கே ஆச்சரியம், வருத்தம் வரவில்லை. பசிதான் வந்தது. இரண்டு பிஸ்கட் தின்று தண்ணீர் குடித்தாள். மணி மூன்றானது. மேசைக்காரரிடம் போய், "சார், இன்டர்வியூ இன்னைக்கு உண்டா, நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"பெரிய சிஸ்டர் இப்பத்தான் உன்னைக் கூப்பிட்டாங்க. ஆயாகூடப் போ."

முகம் கழுவி, தலையை ஒதுக்கிக்கொண்டாள். முன் அனுபவம் கேட்டால் பன்னிரண்டு என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தபடியே ஆயா பின்னால் நடந்தாள். ஆயா மூன்றாம் நம்பர் அறைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

"பெரிய சிஸ்டர், பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள், கட்டிலைப் பார்த்து.

குழந்தையை மார்போடு அணைத்திருந்தவர் நிமிர்ந்தார். "கேட்க வேண்டியதெல்லாம் வலிக்கு நடுவுலயே கேட்டுட்டேன். இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி. நாளைக்குக் காலையில ஏழு மணி ஷிப்ட்டுக்கு வந்துடுவியா?"