சவப்பெட்டித் துணியில் ஒரு கவிதை

மாசசூசெட்ஸ் கடற்காற்று எண்ணெய்த்தாள் ஒட்டிய சன்னலைத் தட்டுகிறது. அதன் வழியே வரும் மங்கிய வெளிச்சம், மேசைமேல் இருக்கும் சிறிய சவப்பெட்டியின் கறுப்புத் துணியில் படிகிறது. பல இரவுகள் கண்மூடாத கெத்தூரா, மகள் டார்கஸுக்குத் தான் எழுதிய இரங்கற்பாவை அத்துணியில் குத்துவதற்காகக் குண்டூசியுடன் நிற்கிறாள். கவிதையையும் கல்லறைவரை உடன் அனுப்புவது இவ்வூர் வழக்கம். கணவன் பெனாயா தாளைப் படித்துவிட்டுக் கடைசி வரியில் விரலை வைக்கிறான். “‘எனக்கே அவள் வேண்டும்’னு எழுதியிருக்கியே. கர்த்தர் எடுத்ததைத் திருப்பிக் கேக்கிற மாதிரி இருக்கு. போதகர் பார்த்தா, சபை நடுவுல உன்னை நிக்க வச்சிடுவார். அந்த வரியை அடிச்சிடு, கெத்தூரா.” “மேல உள்ளதெல்லாம் அவர் சித்தத்துக்குத் தலைகுனிஞ்சு எழுதினதுதாங்க. இந்த ஒரு வரிதான் பிள்ளைக்கு.” “அவளுக்குப் படிக்கத் தெரியாதே.” “போதகருக்குத் தெரியுதே, அதுதான் தொல்லை.”

மைக்கூட்டில் மை உறைந்திருக்கிறது. வரியை அடிப்பதற்காக, பெனாயா அதை இளக்கக் கணப்பருகே கொண்டுபோகிறான். வாசலில் பனியை உதறும் காலணிகளின் ஓசை. பெட்டியைத் தூக்குபவர்கள் வந்துவிட்டார்கள். கெத்தூரா தாளைப் புரட்டி, எழுதிய பக்கம் பெட்டியை நோக்கியிருக்குமாறு வைத்து, ஒரு மூலையில் ஊசியைக் குத்துகிறாள். பெனாயா வெற்றுப் பக்கத்தையே பார்க்கிறான். பிறகு மைக்கூட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவள் அடுத்த ஊசியைக் குத்தும்வரை மறுமூலையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறான்.