வேலிகாத்தானுக்கு ஒரு பலகை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு கெமிக்கல் கம்பெனியின் மதிலோரம் நின்ற முள்மரங்களில் தகரப் பலகை கட்டிக்கொண்டிருந்தாள் தோட்டக்காரி அங்காளம்மாள்.

பலகையில் இங்கிலீஷில் 'ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா' என்று எழுதியிருந்தது.

சாட்சாத் நம் வேலிகாத்தான்தான்.

அதற்குப் பெயருக்கா பஞ்சம்? வேலிக்கு வைத்தவன் வேலிகாத்தான் என்றான். கப்பலில் வந்தது என்றவன் சீமைக்கருவேலம் என்றான். ஆரம்பாக்கம் தாண்டினால் தெலுங்கில் சர்க்கார் தும்மா. பழி சர்க்கார் தலையில். நான்தான் வைத்தேன் என்று எவனும் அதற்குத் தன் பெயரைச் சூட்டவில்லை.

இங்கும் யாரும் வைக்கவில்லை. தானாக முளைத்தது.

வைத்தது வேம்பும் புங்கனும். இருநூறு குழி. மூன்று வருடமாகக் கம்பெனிக் குழாயில் தண்ணீர் பிடித்துத் தினமும் ஊற்றினாள் அங்காளம்மாள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

"உனக்கு ராசியில்லாத கை," என்றார் மேனேஜர் துளசிராமன்.

அவளும் நம்பிவிட்டாள். மகள் கவிப்பிரியாவின் வளைகாப்பில்கூட ஒரு வளையல் போட்டுவிடாமல் தள்ளியே நின்றாள்.

இன்று சென்னையிலிருந்து மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருகிறார். மரம் இல்லையென்றால் கம்பெனிக்கு லைசென்ஸ் இல்லை, அவளுக்கு வேலை இல்லை.

வந்தார். செங்கல்பட்டுக்காரர், இந்த முள் குத்தாமல் வளர்ந்திருக்கவே முடியாது. ஆனாலும் பலகையைப் படித்ததும் மரத்தைப் புது மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

எல்லாம் நம் கம்பெனித் தண்ணீரின் மகிமை, சுத்திகரித்தது, அப்படியே குடிக்கலாம் என்று அளந்துவிட்டார் துளசிராமன்.

வெயில் மண்டையைப் பிளந்தது. அதிகாரி குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

மேனேஜர் சொன்னால் அங்காளம்மாளுக்கு வேதவாக்கு. அந்தக் குழாயிலேயே ஒரு சொம்பு பிடித்து நீட்டினாள்.

துளசிராமன் பாய்ந்துவந்து தட்டிவிட்டார். சொம்பு உருண்டது. டிரைவர் காரிலிருந்து பாட்டிலோடு ஓடிவந்தார்.

அதிகாரி பாட்டில் தண்ணீரைக் குடித்தார். சிந்திய தண்ணீரை அவர் பார்க்கவில்லை; பார்க்கும் வழக்கமும் இல்லை. 'பசுமை திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அங்காளம்மாள் தட்டவில்லை. காலிக் குழிகளைப் பார்த்தாள். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"அப்ப மூணு வருசமா செடிய சாவடிச்சது என் கையி இல்லியா சார்?"