இருநூற்றுப் பதினான்கு பேர்

ஏரிக்கரை ஊரான வில்மரேயின் மக்கள்தொகை இருநூற்றுப் பதினான்கு. இருபது ஆண்டுகளாக ஊராட்சிப் பதிவேட்டை எழுதிவரும் ஒதில் அந்த எண்ணை ஒருமுறைகூட மாற்றியதில்லை. குழந்தை பிறந்தால் அதே வாரத்தில் ஒருவர் இறந்துபோவார், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போவார். அதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

மார்ச் மாதத்தில் ஒருநாள், அடுத்த தெருவிலிருந்த மகள் கொராலி ஓடி வந்தாள்.

"அம்மா, எனக்கு ரெட்டைக் குழந்தைங்களாம்!"

"சந்தோஷம்டி கண்ணு" என்றாள் ஒதில். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

பிரசவத்துக்கு முந்தைய நாள் காலை, ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கான படிவத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள். இரண்டாவது குழந்தைக்கு ஈடாக ஊரைவிட்டுப் போக யாரைத் தேடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது கிழட்டு மீனவர் கஸ்பார் கையில் பெட்டியோடு உள்ளே வந்தார்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா."

"நீங்க எதுக்கு?"

"நீ பொறந்த அன்னைக்குத்தான் எங்கண்ணன் செத்தான். எனக்குத் தெரியாதா? எழுது."

மதியப் படகில் இருவரும் ஏறினார்கள். படகு நகர்ந்ததும் ஒதில் திரும்பிப் பார்த்தாள். துறையில் ஊரே வந்து நின்றிருந்தது. எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆண்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள்.