குறையில்லாத ராஜ்ஜியம்

"நான் உண்டாக்குன ராஜ்ஜியத்தைக் கம்பெனியில ஒத்துக்கிட்டாங்க, பிரதிமா!"

பெங்களூரில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் கதை எழுதும் நாகபூஷண், அரிசி மாவில் தட்டிய அக்கி ரொட்டியை மென்றபடியே மனைவியிடம் சொன்னான். "என் கதையில, தலைக்கோட்டைப் போர்ல விஜயநகரம் தோக்கவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் அதே ராஜ்ஜியம். எதுலயும் குறையே கிடையாது."

"ரோட்டுல குழிகூட இல்லையா? அப்ப நம்ம ஊர்ல ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

அவன் சிரித்தான்.

"ஜனங்க எப்படி?" என்று கேட்டாள் பிரதிமா, அடுத்த ரொட்டியைக் கல்லில் தட்டிக்கொண்டே.

"ஒவ்வொருத்தரும் சிற்பம் மாதிரி. நொண்டி, குருடுன்னு யாருமே கிடையாது."

"அப்படி ஒண்ணு பொறந்துட்டா?"

"பொறக்கவே விடமாட்டாங்க. அரண்மனை வைத்தியர் முன்னாடியே கண்டுபிடிச்சிடுவாரு."

"அம்மாகிட்ட கேப்பாங்களா?"

"எதுக்குக் கேக்கணும்? எந்த அம்மா குறையோட பிள்ளை வேணும்பா?"

ரொட்டி கருகியது. அடுப்பை அணைத்துவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, இன்னைக்கு நான் தனியாத்தான் ஸ்கேனுக்குப் போனேன்."

"ஐயோ, மறந்தே போச்சு! என்ன சொன்னாங்க?"

"குழந்தை நல்லா உதைக்குதாம். இதயம் நல்லா துடிக்குதாம். இடது கை மட்டும் முழங்கைக்குக் கீழே வளரவே இல்லையாம். வச்சுக்கிறதா வேண்டாமான்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணச் சொன்னாங்க டாக்டர். நீங்க வந்ததும் பேசலாம்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்."

நாகபூஷண் தயங்கித் தயங்கி அவள் வயிற்றை நோக்கிக் கையை நீட்டினான்.

பிரதிமா முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள்.