முதல் கையெழுத்து

"ஒரு வேனுக்குள்ள இருபத்திரண்டு பிள்ளைகளை அடைக்கான். இதுல போன் பேசிக்கிட்டேதான் ஓட்டுதான்" என்று காசிலிங்கம் பொருமிக்கொண்டிருந்தபோது கலையரசி பெற்றோர் கூட்டத்துக்குள் நுழைந்தாள். பேச்சு சட்டென்று நின்றது.

போன வாரம்தான் ஸ்ரீவைகுண்டத்துக்கு மாற்றலாகி வந்திருந்த தலைமை ஆசிரியை டெபோரா ஒரு தாளை எடுத்துக் காட்டினார்.

"போலீசுக்குப் புகார் எழுதியாச்சு. கையெழுத்துப் போடத்தான் ஒருத்தரும் வரல."

"போட்டா நாளைக்கே வேன் நின்னுருமே டீச்சர். விடியமுன்ன வாழைத்தோட்டத்துக்குப் போறவ நான். எம் பிள்ளையை யாரு கொண்டு விடுவா?" என்றாள் பேச்சித்தாய்.

"நேத்து வாய்க்கால் பாலத்துல கதவு திறந்து உங்க மவ வெளியே தொங்கிக்கிட்டுப் போனாளே மதினி. இன்னும் என்ன நடக்கணும்?" என்றாள் கலையரசி.

வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள் அவள். பேனாவை வாங்கி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

டெபோராவுக்கு நிம்மதியாக இருந்தது. "உங்க பிள்ளையும் அந்த வேன்லதான் வருதாம்மா?"

"இல்ல டீச்சர். நாந்தான் ஸ்கூட்டர்ல மெதுவா கொண்டாந்து விடுதேன். நம்ம பிள்ளை ஒரு நாளும் அந்த வேன்ல ஏறக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரரு கண்டிப்பாச் சொல்லிட்டாரு."

"பரவாயில்லையே. அவருக்காவது பிள்ளை மேல அக்கறை இருக்கு."

"இருக்கு டீச்சர்." கலையரசி பேனாவைப் பேச்சித்தாயிடம் நீட்டினாள். "அந்த வேனை ஓட்டுததே அவருதான்."