மணப்பாட்டில் மூன்று நாள்

இறக்கி வைத்த மீன் குழம்பில், தேங்காய் எண்ணெய் என்று நினைத்து மண்ணெண்ணெயை ஊற்றியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. வீட்டில் அப்போது நானும் குழம்பும் மட்டும்தான் இருந்தோம்.

என் மனைவி இசபெல்லா பூசைக்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் சமையலை முடித்து, மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்து விஷயத்தைச் சொல்வதாகத் திட்டம். முப்பது வருஷம் கொழும்புத் தோணிக்குத் தலைவனாக, தண்டலாக இருந்து, புயலிலே பாய் இறக்கி, பதினோரு ஆளை உயிரோடு கரை சேர்த்தவன் நான். ஒரு போத்தல் எண்ணெயில் திசை தப்பிவிட்டது.

வந்தவள் வாசலிலேயே மூக்கைச் சுருக்கினாள். வசவுக்குத் தயாராக நின்றேன். சட்டியைத் துணியால் பிடித்துக் கொல்லையில் வைத்துவிட்டு, "கையச் சுட்டுக்கிட்டியளா?" என்று மட்டும் கேட்டாள்.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பயணத் திட்டம் எழுதி வைத்திருந்த நோட்டை எடுத்தேன்.

"ஏளா, இங்கன உக்காரு. மணப்பாடு. நீயும் நானும். மூணு நாள்."

கல்யாணம் முடிந்த வாரத்தில் கொடுத்த வாக்கு அது. கடலைப் பார்த்த மாதிரி ஒரு வீடு எடுத்து, அவள் அடுப்பைத் தொடாமல், நான் பாயைத் தொடாமல், மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருப்பது. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு சரக்கு வந்து அந்த மூன்று நாளைத் தின்றது. ஒரு வருஷம் வெங்காயம், ஒரு வருஷம் ஓடு. முப்பது வருஷத்தில் அவள் பார்த்த கடல், என்னை வழியனுப்ப வந்த கடல் மட்டும்தான். அது அவள் மனசில் முள்ளாகக் கிடப்பது எனக்குத் தெரியும். அதை எடுக்காமல் நான் கண்ணை மூடக் கூடாது.

வாசித்தேன். தோணிக்கு எழுதுவதுபோலத்தான் எழுதியிருந்தேன். வேறு மாதிரி எழுத எனக்கு வராது. "காலை ஏழு மணி பஸ், திருச்செந்தூர் வழி. காற்று, தென்மேற்கு. ஆள், ரெண்டு. சாமான், அரிசி, கருப்பட்டி, குடை, செபமாலை. முதல் ராத்திரி காவல், நான்..."

"வீட்டுக்கு எதுக்குக் காவல்?"

"நீ தூங்கும்போது ஒரு ஆள் முழிச்சிருக்கணும்லா."

சிரித்தாள். "தண்ணி எழுதலியே. அந்த வீட்டுக் கெணத்துத் தண்ணிய வாயில வைக்க முடியாது."

போகாத ஊருக்கு வழி சொல்வதில் இவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் சரிதான், கடற்கரைக் கிணறு பின்னே இளநீராகவா இருக்கும்? 'தண்ணீர், ரெண்டு குடம்' என்று சேர்த்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு வில்பிரட் எட்டிப் பார்த்தான். என் தோணியில் பதினைந்து வருஷம் சுக்கான் பிடித்தவன். வாசனைதான் இழுத்து வந்திருக்க வேண்டும்.

"என்ன தண்டலே! புது ஹார்பர் வந்தும் பாய்த்தோணிய விட மாட்டேன்னிய. இப்ப வீட்டுக்குள்ள எஞ்சின் வாசம் அடிக்கி?"

"அது குழம்பு வாசம்லே. நாங்க மணப்பாட்டுக்குப் போறோம், தெரியுமா?"

"மீனு தண்ணி பாக்க டூர் போவுதாக்கும்!" என்றவன், இசபெல்லாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைப் பாய் மாதிரி சுருட்டிக்கொண்டான். "போயிட்டு வாங்க தண்டலே. நல்லாருக்கும்." அதற்குமேல் நிற்கவில்லை.

"நீ சொல்லுளா. எப்பப் போவோம்?"

"பாப்போம்."

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம். தோணி ஏறுகிறவனிடம் 'எப்ப வருவிய?' என்று பெண்கள் கேட்க மாட்டார்கள். அவனும் நாள் சொல்ல மாட்டான். சொன்னால் கடலுக்குக் காது கேட்டுவிடுமாம். முப்பது வருஷம் இப்படியே பழகி, எதற்குமே நேர் பதில் சொல்லாத குடும்பமாகிப் போனோம். 'சோறு ஆயிட்டா?' என்று கேட்டால்கூட 'பாப்போம்'தான்.

"ஆனி, ஆடிக் காத்துக்குத் தோணி கரையில கெடக்கு. சீசன் தொடங்கிட்டா நான் போயிருவேன். பொறவு எப்ப?"

அடுப்படியில் சிந்தியிருந்த குழம்பை அவள் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது.

"கோவம் இன்னும் தீரல, என்ன? முப்பது வருஷமா ஏச்சுப்புட்டாம்னு நெனைக்க. நெனைச்சா தப்பும் இல்ல. வர மாட்டேன்னாவது சொல்லிரு, நான் தாங்கிக்கிடுவேன். மாதா பேரால கேக்கேன் இசபெல்லா, இன்னைக்கு ஒரு நேர் பதில் சொல்லு."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நோட்டை வாங்கி மூடினாள். வெறும் தரையில், என் தோளோடு தோள் ஒட்ட உட்கார்ந்தாள். கண் நிறைந்திருந்தது. குரல் மட்டும், குழந்தைக்குச் சொல்வதுபோல, தெளிவாக வந்தது.

"போன வாரந்தான் போயிட்டு வந்தோம். மூணு நாளும் நீங்க என் கைய விடவே இல்ல."